மூன்றாவது பெயர்

“மூணாவது பேரு சொல்லுங்கப்பா.”

“முதல் ரெண்டையும் சரியா எழுதினியான்னு பாரு மோளே.”

“பாத்தாச்சுங்கப்பா. எஸ்ரா அங்கிள், மெனாஹேம் அங்கிள். ரெண்டு பேரும் இப்ப உயிரோட இல்லைன்னும் போட்டாச்சு. மூணாவது ஆளு யாரு?”

“தேதி?”

“தேதி, ஊரு, ஆத்தோட பேரு எல்லாம் போட்டாச்சு. அந்த ஒரு கட்டம்தான் காலி.”

எலியாஹு கண்ணாடியைக் கழற்றி லுங்கி முனையால் துடைத்தார். துடைக்கத் தேவையில்லாத கண்ணாடி. காலர் தையல் ஒரு நூல் பிசகினாலும் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடித்துவிடுகிற மனிதர், மகளின் லேப்டாப்பைப் பார்க்காமல் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் பேரைப் போட்டுக்கோ.”

மிரியம் சிரித்துவிட்டாள். “உங்களுக்குத் தனியா கட்டம் இருக்குதுங்கப்பா, மாப்பிள்ளைன்னு. இது அம்மா மதம் மாற ஆத்துல முங்கி எந்திரிச்சப்ப சாட்சியா நின்ன மூணு பேருக்கு.”

“அதுலயும் நான்தான் நின்னேன். போடு.”

சமையலறையிலிருந்து அம்மா சாராவின் குரல் வந்தது. “ஆமா கண்ணு. அன்னைக்குக் கேரளாவுல ஹர்த்தால். ஃபோர்ட் கொச்சியில இருந்து வர வேண்டிய பெரியவருக்கு போட்டும் இல்லை, பஸ்ஸும் இல்லை. உங்கொப்பன்தான் மூணாவது ஆளா கரையில திரும்பி நின்னுக்கிட்டாரு. எனக்கு அந்தக் குளுருல பல்லு கிட்டிப்போச்சு.” இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் வருகிற சிரிப்பு அவளுக்கு இப்போதும் வந்தது.

மிரியம் அப்பாவின் பெயரை மூன்றாவது கட்டத்திலும் அடித்து, விண்ணப்பத்தை எருசலேமுக்கு அனுப்பினாள். அப்பா எழுந்து வாசலுக்குப் போய் வெறுமனே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றதை அவள் கவனித்தாள்தான். ஆனால் அதற்கு அர்த்தம் இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

திருப்பூரில் அவர்களுக்குத் தெரிந்து யூதக் குடும்பம் என்றால் அவர்களுடையது ஒன்றுதான். எலியாஹு எர்ணாகுளத்துக்காரர். வெளிநாட்டுக்குப் போகும் பனியன் சரக்கைப் பரிசோதித்துச் சான்று கொடுக்கும் வேலைக்காக இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் இங்கே வந்தவர். அப்படிப் போன ஒரு யூனிட்டில், செக்கிங் டேபிளில் நின்றுகொண்டிருந்தாள் வெள்ளகோவில் சாரதாமணி. அவர் வேண்டாம் என்று ஒதுக்கிய பீஸைக் கையில் எடுத்து, “இதுல என்னங்க தப்பு? எனக்குத் தெரியலீங்க. காட்டுங்க” என்று கேட்ட ஒரே ஆள் அவள்தான். ஆறு மாதம் காட்டினார். அதன் பிறகு சாரதாமணி சாரா ஆனாள். வெள்ளகோவிலில் அவளுடைய அப்பாவும் தம்பி தனபாலும் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள்.

மிரியமை ஊர் தனக்குத் தோன்றியபடி புரிந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வராத கிறிஸ்தவப் பெண் என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் நினைத்தார்கள். பெயரைக் கேட்டதும் முஸ்லிம் என்று முடிவு செய்தவர்களும் உண்டு. அவளுடைய சிநேகிதி தபஸ்ஸும் இன்றைக்கு வரைக்கும் அவளை மரியம் என்றுதான் கூப்பிடுகிறாள்.

“ஹலால்னு சத்தியம் பண்ணினாலும் ஒரு துண்டு தொடமாட்டே. எங்க வீட்டுப் பெருநாள் பிரியாணியைப் பார்த்து மூஞ்சியைத் திருப்பிக்கிட்ட ஒரே மரியம் இந்த ஊருல நீதான்டி” என்பாள்.

மூஞ்சியைத் திருப்பியது பிடிக்காமல் இல்லை, நாக்கு ஊறியதால்தான். முறைப்படி கோழி அறுக்க ஊரில் ஆள் இல்லாததால் அவர்கள் வீட்டில் இறைச்சியே கிடையாது. சனிக்கிழமை ஷபாத், ஓய்வு நாள் என்பதால் ஸ்பெஷல் கிளாஸ் கிடையாது, டூர் கிடையாது, வண்டி ஏறக் கூடாது, சுவிட்ச் போடக் கூடாது. பத்தாம் வகுப்பில் எல்லாரும் ஊட்டிக்குப் போன சனிக்கிழமை, மிரியம் வீட்டு மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கல்லால் கட்டிய ஒரு பழைய நகரத்தில், தன்னைப் போலவே சும்மா உட்கார்ந்திருக்கிற பெண்களை நினைத்துக்கொண்டாள். அங்கே போனால் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்காது. அந்த நினைப்புதான் அவளை ஆறு வருடமாகத் தூக்கிக்கொண்டு நடந்தது. இப்போது கல்லூரி முடிந்துவிட்டது. எருசலேமில் ஒரு வருடப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அவள் யூதப் பெண் என்பதற்கான அத்தாட்சி மட்டும்தான் பாக்கி.

இதையெல்லாம் அவளுக்குள் ஊற்றியவர் அப்பா இல்லை. அப்பா சட்டம் சொல்வார். செய்தவள் அம்மா. பெசஹா பண்டிகை வரும் முன்பே, வருடா வருடம், சாரா கூடத்தில் வெள்ளைத் துணியை விரித்து, டியூப் லைட்டுக்கு அடியில் எட்டு நாளுக்கான அரிசியைக் கொட்டிக்கொண்டு உட்காருவாள். ஒரு கோதுமை மணிகூடக் கலந்திருக்கக் கூடாது என்று ஒவ்வொரு அரிசியாகத் தள்ளித் தள்ளிப் பார்ப்பாள். ஒரு தரம் இல்லை, மூன்று தரம். பக்கத்து வீட்டு மருதம்மாள் எட்டிப் பார்த்து, “ஏம்புள்ள, அமெரிக்காவுக்கா ஏத்துமதி பண்ணப் போறே?” என்று கேட்பாள். “அதுக்கும் மேலைங்க” என்பாள் சாரா.

ஒன்பது நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், எருசலேமிலிருந்து, விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் அலுவலகத்துப் பெண்மணி ஒருவர் வீடியோ காலில் பேசினார். ரொம்ப அன்பாகப் பேசினார். அதுதான் பின்னால் நினைக்கும்போது மிரியமுக்குத் தாங்கவில்லை. மதம் மாறுகிறவர் தண்ணீரில் முங்கி எழும்போது முன்னால் மூன்று பேர் நிற்க வேண்டும், அவர்கள் சம்பந்தமில்லாதவர்களாக இருக்க வேண்டும், மறுநாள் தாலி கட்டப் போகிற மாப்பிள்ளையே மூன்றாவது ஆளாக நின்றது செல்லாது என்றார். செல்லாது என்றால் அம்மாவின் மதமாற்றம் நடக்கவே இல்லை என்றுதான் அர்த்தம். அம்மா யூதர் இல்லையென்றால் மகளும் இல்லை.

“வருத்தப்படாதே. உனக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. இங்கே வந்து ஒரு வருடம் படி, கடைசியில் மூன்று பேர் முன்னால் நீயும் தண்ணீரில் இறங்கி எழுந்துவிடு, அவ்வளவுதான்” என்றார். அதற்கு ஒரு படிவம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். முதல் வரியே, யூதரல்லாத தாய்க்குப் பிறந்தவளாகிய நான், என்று தொடங்கியது.

அன்றைக்கு ராத்திரி மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மிரியம் படிவத்தை மேசைமேல் வைத்திருந்தாள். அந்த முதல் வரியைத் தமிழில் சொல்லும்படி சாரா கேட்டபோது, மிரியம் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

“ஒண்ணு கேக்கறேங்கப்பா” என்றாள் மிரியம். “சரக்கைத் தைச்ச யூனிட்காரனே இன்ஸ்பெக்ஷன் ஷீட்டுலயும் கையெழுத்துப் போட்டா, நீங்க பாஸ் பண்ணுவீங்களா?”

“மாட்டேன்.”

“அப்புறம் ஏன் நின்னீங்க?”

எலியாஹு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “மறுநாள் கல்யாணம். ஹர்த்தாலையும் மீறி தனபால் ரெண்டு கார்ல ஆளுங்களோட பாலக்காடு தாண்டியாச்சுன்னு போன் வந்தது. இன்னொரு நாள் தள்ளிப்போட்டா இவளைத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க. பெரியவங்க ரெண்டு பேரும், ‘நீயும் யூதன்தானே, நில்லு’ன்னாங்க. எங்க கூட்டத்துல சட்டம் சொல்ற ரப்பின்னு யாரும் கிடையாது மோளே. கேட்க ஆளில்லை. சரின்னுதான் நம்பினேன்.”

“எது வரைக்கும் நம்பினீங்க?”

இந்தக் கேள்வியை ஏன் கேட்டோம் என்று மிரியமுக்கே தெரியவில்லை. அப்பாவின் கை தட்டில் நின்றுவிட்டது.

“கொச்சிக்கு ஒரு தடவை வெளிநாட்டு ரப்பி ஒருத்தர் வந்திருந்தாரு. பேச்சுவாக்குல கேட்டேன். திரும்பவும் முறையாச் செய்யணும்னாரு. செஞ்சிரலாம்னுதான் நினைச்சேன். ஆனா அதைச் செய்யணும்னா இவகிட்டச் சொல்லணும்.”

“அது எந்த வருசங்க?” என்று கேட்டாள் சாரா.

“மோளுக்கு அப்ப ஏழு வயசு.”

சாரா தட்டில் இருந்த கடைசி வாய்ச் சோற்றைச் சாப்பிட்டாள். மென்று விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள்.

“எங்கப்பன் செத்தப்ப இவளுக்கு ஒம்பதுங்க” என்றாள்.

எலியாஹு நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் தன்னுடைய தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த நாள் மிரியமுக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை விடிந்தும் விடியாமல் மருதம்மாள் ஓடி வந்தாள். “சாரா, உன் தம்பி எம்போனுக்குக் கூப்பிட்டான். உங்கப்பன் போயிட்டாராம்.” பதினொரு வருடமாக முகம் பார்க்காத தம்பி கூப்பிட்டிருந்தான். வெள்ளகோவில் ஒன்றும் தூரமில்லை, பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். ஆனால் அன்று ஷபாத். அம்மா சுவரில் சாய்ந்து கால் நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். தனபால் மாமாவுக்கு இந்த வீட்டு எண்ணும் கிடைத்துவிட்டது போல, போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் தொடவில்லை. மத்தியானம் ஒரே ஒரு தரம் அம்மா அப்பாவிடம், “ஏனுங்க, போலாமுங்களா?” என்று கேட்டாள். அப்பா ஜெபப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். பக்கம் புரளவில்லை. பதிலும் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “செரி, இருட்டட்டும்” என்றாள் அம்மா.

மூன்று நட்சத்திரம் தெரிந்தால் ஷபாத் முடிந்தது. ஒன்பது வயது மிரியம்தான் மாடியில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் கம்பெனி விளக்குகள். மூன்றாவது நட்சத்திரம் ரொம்ப நேரம் வரவே இல்லை. வந்ததும் படியில் விழுந்தடித்து இறங்கி ஓடி வந்து சொன்னாள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து சுடுகாட்டில் புகைந்துகொண்டிருந்தது. தனபால் மாமா ஈர வேட்டியோடு நின்றிருந்தார். “நாலு மணி வரைக்கும் போட்டு வெச்சிருந்தோம். உஞ்சாமி உன்னை வர உடலையாக்கும்” என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா மிரியமின் தலையைத் தடவிக்கொண்டே, “அப்புச்சி மேல இருந்து பாத்துப் புரிஞ்சுக்குவாரு கண்ணு” என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மிரியம் தபஸ்ஸுமைப் பார்க்கப் போனாள். காதர்பேட்டைப் பக்கம் ஒரு ஜூஸ் கடை. சொல்லி முடிக்கும்வரை தபஸ்ஸும் குறுக்கே பேசவில்லை, அதுவே அவளுக்குப் பெரிய விஷயம்.

“ஒரு கையெழுத்துதானே? போட்டுட்டுப் போயேன்” என்றாள் கடைசியில். “மார்க்கக் கல்வி படிச்சு ஆலிமா ஆகுன்னு எங்கத்தா ரெண்டு வருசமா என் உசுரை எடுக்கறாரு. நான் வேண்டாம்னு அழறேன், நீ வேணும்னு அழறே. பேசாம மாத்திக்கலாமா?”

மிரியமுக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

“போட்டா, அம்மா பொய்யின்னு நானே எழுதிக் குடுத்த மாதிரிடி.”

“போடலைன்னா?”

“நான் யாருமே இல்லை.”

தபஸ்ஸும் ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். “எனக்கு உங்க சட்டமெல்லாம் தெரியாது மரியம். ஆனா உங்கம்மா யூதர் இல்லைன்னா, இந்த ஊருல வேற யாருடி யூதர்? உங்கப்பாவா?”

அன்று சாயங்காலம் சாரா தலைவலி என்று படுத்துக்கொண்டாள். ஷபாத் விளக்கை மிரியம் ஏற்றினாள். கைகளால் கண்ணை மூடிக்கொண்டு எபிரேய மந்திரத்தைச் சொன்னபோது, தன் வாயில் வருவது அம்மாவின் உச்சரிப்பு என்பது முதல் முறையாக அவள் காதில் விழுந்தது. ஒவ்வொரு சொல்லின் கடைசியையும் இழுத்து, யாரிடமோ மரியாதையாகக் கேட்பது போல நிறுத்துகிற கொங்கு இழுப்பு. எருசலேமில் இதைக் கேட்டால் சிரிப்பார்களோ என்னவோ. அவளுக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது. அப்பாவிடமிருந்து அவள் எதைக் கற்றாள் என்று யோசித்துப் பார்த்தாள். எண்ணெய் தீரும் வரைக்கும் யோசித்தும், காத்திருப்பதைத் தவிர எதுவும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் காலையில் அவளை எழுப்பியது ஒரு சின்ன சத்தம். கேஸ் லைட்டரின் டிக் டிக். எழுந்து ஓடினாள். சாரா அடுப்பைப் பற்ற வைத்து டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இன்னைக்கு ஷபாத்துங்கம்மா.”

“உங்களுக்குக் கண்ணு. எனக்குச் சனிக்கிழமை.”

கோபம் இல்லாமல்தான் சொன்னாள். பால் பொங்கி வந்தபோது அடுப்பைக் குறைத்தாள். இத்தனை வருடத்தில் சனிக்கிழமை காலையில் அந்த வீட்டில் தீ எரிந்து மிரியம் பார்த்ததில்லை. அது மற்ற நாள் தீயைப் போலவே நீலமாக எரிந்தது.

எலியாஹு ஜெபப் போர்வையோடு சமையலறை வாசற்படியில் வந்து நின்றார். ராத்திரி தூங்காத முகம்.

“சாரா, அடுத்த மாசமே போலாம். மும்பையிலிருந்து மூணு பேரை நான் வரவழைக்கறேன். இந்தத் தடவை நான் கிட்டயே வரமாட்டேன். எல்லாம் முறையா...”

“முங்கறதுக்கு எனக்கொண்ணும் பயமில்லீங்க. இன்னும் பத்து தரம்கூட முங்குவேன்.” அவள் டீயை வடிகட்டினாள். “ஆனா அப்படி முங்கினா, இத்தனை வருசமா இந்த ஊட்டுல அரிசி பொறுக்கினவ யாருங்க? அன்னைக்குப் பூராவும் செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்தவ யாருங்க?”

“தப்பு எம்மேலதான்.”

“ஆமாங்க” என்றாள் சாரா. “பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க. ‘போ’ன்னு ஒரு வார்த்தை. அதை மட்டும் சொல்லியிருக்கலாமுங்க.”

அவர் போர்வையின் ஓரத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். அழுவது போல இருந்தது, அழவில்லை. சாரா அவருக்கு டீ வேண்டுமா என்று கேட்கவில்லை. தனக்கு மட்டும் ஊற்றி, நின்றபடியே குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

“எங்கீங்கம்மா?”

“வெள்ளகோவிலுக்கு. தனபால் உள்ள விட்டா உக்காந்து பேசுவேன். இல்லீன்னா எங்கப்பனை எரிச்ச எடத்தையாவது பாத்துட்டு வர்றேன். அன்னைக்குப் பொகைதான் பாத்தேன்.”

மிரியம் அறைக்குள் இருந்த மேசையைப் பார்த்தாள். படிவம் அங்கேயே கிடந்தது. நாளைக்குக் கடைசி நாள். அதன் இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது: ஷபாத்தைக் கடைப்பிடிக்கிறாயா, எவ்வளவு காலமாக? பிறந்ததிலிருந்து என்று எழுதலாம். அது உண்மை. இந்த இருபது வருடத்தில் ஒரு சனிக்கிழமைகூட அவள் பகலில் பஸ் ஏறியதில்லை. எருசலேம் சொன்னபடி பார்த்தால் அவள் யூதப் பெண் இல்லை, இன்றைக்கு எதற்கும் கட்டுப்பட்டவளும் இல்லை. ஏறினால் பாவம்கூட இல்லை. அதுதான் அவளுக்கு வலித்தது. பாவம் செய்கிற உரிமைகூட அவளிடமிருந்து போய்விட்டிருந்தது. பஸ் ஏறினால் அந்தப் படிவம் சொன்னது சரி என்று தானே ஒப்புக்கொண்டது போல ஆகும். ஏறாவிட்டால் அம்மா அன்றைக்குப் போல இன்றைக்கும் தனியாள்.

சாரா வாசலில் குனிந்து செருப்பு வாரை மாட்டினாள். தெருவில் பனியன் மூட்டை ஏற்றிய ஒரு ஆட்டோ திரும்ப இடமில்லாமல் நின்று நின்று போனது. அது போகட்டும் என்று காத்திருந்துவிட்டு அவள் மகள் பக்கம் திரும்பினாள்.

“அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டுரு கண்ணு. நான் கோவிச்சுக்க மாட்டேன். நீ ஆறு வருசமா அந்த ஊரையே நெனச்சுக்கிட்டுக் கெடந்தது எனக்குத் தெரியாதா? நீ போகோணும்.”

மிரியம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால், கூடத்தில், அப்பா மெதுவாகக் காலை ஜெபத்தைத் தொடங்கியிருந்தார்.

சாரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். இரண்டு அடி போய், திரும்பி வந்தாள்.

“அதுக்கு முந்தி இன்னைக்கு ஒரு நாளைக்கு, எங்கூட பஸ் ஏறி வருவியா சாமி?”